ஓடினால் தூக்கம் வரும்

பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடம் முடியாமல் நின்றாலும் முதலில் பறிபோவது உடற்கல்வி வகுப்புதான்; எங்கள் தொழிலில் விசில் ஊதும் நேரத்தைவிட அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நிற்கும் நேரம்தான் அதிகம். நான் கொடைக்கானல் மலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இந்த வேலையைப் பார்க்கிறேன். என்னைப் போல விசிலோடு அலைகிறவர்களுக்கும், வயசுப் பிள்ளைகள் தூங்கவில்லையே என்று தாங்களும் தூங்காமல் கிடக்கும் பெற்றோருக்கும் இதில் சில சங்கதிகள் தெரிந்தவையாகவே இருக்கும்.

கணக்குக்குப் போன வகுப்பு

பன்னிரண்டாம் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு விளையாட்டு வகுப்பு. இரண்டையும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். கேட்டுத்தான் வாங்குவார், அது அவருடைய நல்ல குணம். ஒருநாள் இன்றைக்குத் தருவதில்லை என்று முடிவுசெய்து, பந்தோடு போய் அந்த வகுப்பு வாசலில் நின்றேன். பின் வரிசையில் பாதிப் பேர் தலை கவிழ்ந்து கிடந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் மகேஸ்வரி, கையில் பிடித்த பேனாவை விடாமலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். வில்பட்டி கிராமத்துப் பிள்ளை. அவள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்த முதல் ஆள். தேறினால் திண்டுக்கல்லில் கல்லூரி, தேறாவிட்டால் கேரட் தோட்டம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். கணக்கில் அவள் தேறுவது சந்தேகமாகத்தான் இருந்தது.

"ஓட விடாம உக்கார வச்சா இப்படித்தான் டீச்சர் தூங்குவாங்க" என்றேன்.

டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பவில்லை. "உங்க கிரவுண்டுல தூங்குனா பல்லு போயிரும் சார். இங்க தூங்குனா மார்க்கு மட்டுந்தான போகும்."

மைக்கில் பேசியது

அந்தக் கோபத்தில் மறுநாள் காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தேன். உடம்பு களைத்தால் ராத்திரி தூக்கம் வரும், ராத்திரி தூங்கினால் பகலில் படிப்பு ஏறும், ஆகவே தினமும் ஓடுங்கள் என்று பேசினேன். புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டுச் சொன்னதல்ல. நான் பார்த்தவரை ஓடுகிற பிள்ளைகள் தூங்கத்தான் செய்தார்கள். பேசிவிட்டு இறங்கினால், முன் வரிசையில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் நின்றபடியே சாய்ந்துகொண்டிருந்தான்.

அவன் அப்பாவை வரச் சொன்னேன். டூரிஸ்ட்டுகள் தங்கும் ஒரு காட்டேஜில் கேர்டேக்கர். குடும்பம் முழுக்க அங்கேயே பின்னால் ஓர் அறையில் இருக்கிறது. ராத்திரி கேம்ப்ஃபயருக்கு விறகு அடுக்குவது, ஸ்பீக்கருக்கு வயர் இழுப்பது, கேட்ட நேரத்தில் வெந்நீர் கொண்டுபோவது எல்லாவற்றிலும் பையனும் உண்டு. "சாயங்காலம் விளையாட விடுங்க, ராத்திரி வெள்ளனே படுக்க வைங்க" என்று நான் சொன்னதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கேட் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"மைக்ல நல்லாப் பேசுனீங்களாமே சார். சீசனுக்கு எங்க காட்டேஜ் பக்கம் ஒருக்க வந்து டூரிஸ்ட்டுக கிட்டயும் பேசிட்டுப் போங்களேன்."

போன் இல்லாத பிள்ளை

மகேஸ்வரி ராத்திரி முழுக்க செல்போன் பார்க்கிறாள் என்பது ஆசிரியர் அறையில் முடிவாகிவிட்ட விஷயம். யாரும் அவளிடம் கேட்டதில்லை. நான் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்க வீட்டுல பட்டன் போன்தான் சார். அதையும் அப்பா கொண்டுபோயிருவாரு" என்றாள். அப்பா ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரியில் வேலை. வீட்டில் தங்குகிற ராத்திரிகள் குறைவு.

"பிறகு ராத்திரியில என்னம்மா பண்ற?"

"படுத்துத்தான் கெடப்பேன் சார். தூக்கம் வராது. காது மட்டும் முழிச்சுக்கிட்டே இருக்கும்."

காது எதற்காக முழித்துக்கொண்டிருக்கிறது என்று அடுத்ததாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என்னிடம் பதில் தயாராக இருந்தது. பள்ளி விட்டதும் கடைசி பஸ் வரும்வரை கிரவுண்டைச் சுற்றி ஓடு, இருட்டும் முன் பஸ் ஏறிவிடு, தூக்கம் தானாக வரும் என்றேன். நான் ஏதோ பெரிய ரகசியத்தை ஒப்படைத்ததுபோல என்னைப் பார்த்தாள்.

"நெசமா வந்துருமா சார்? அப்ப எம்புட்டு நேரம் ஓடணும்?"

கனவு

ஓடினாள். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கோல்கம்பத்தடியில் விட்டுவிட்டு, மூடுபனி கிரவுண்டில் இறங்கியிருக்கும் நாளிலும் ஓடினாள். ஆள் தெரியாது, காலடிச் சத்தம் மட்டும் வந்து போகும். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் கணக்கு வகுப்பில் அவள் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தாள். திருப்புதல் தேர்வில் முதல்முறையாகத் தேறினாள். விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டிய டீச்சர், அந்த வாரம் எனக்கு ஒரு வகுப்பைத் திருப்பியும் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது உண்மை.

ஒரு காலை மகேஸ்வரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தாள். "சார், நேத்து எனக்குக் கனவு வந்துச்சு" என்றாள்.

"என்ன கனவு?"

"அது மறந்துருச்சு சார். ஆனா வந்துச்சு."

லைட்டும் தகரமும்

பிறகு சில நாட்கள் அவள் வரவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாகத் தெரிந்து போய்ப் பார்த்தேன். இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மகேஸ்வரி தோட்டத்துக்குப் போயிருந்தாள். துணைக்கு வந்திருந்த சித்திக்காரிதான் முதலில் பேசினார். கேரட் முற்றுகிற சமயம் காட்டுமாடு தோட்டத்தில் இறங்கும். ஒரு ராத்திரி விட்டால் ஒரு பட்டத்து விளைச்சல் போய்விடும். ராத்திரியில் ஆண் துணை இல்லாத வீடு. சத்தம் கேட்டால் தாயும் மகளும் எழுந்து போவார்கள். மகள் லைட்டை மாட்டின் கண்ணில் அடித்துப் பிடிக்க வேண்டும், தாய் தகரத்தைத் தட்ட வேண்டும். ஓர் ஆள் இரண்டையும் செய்யக் கூடாது. தட்டுகிற கையோடு லைட்டும் ஆடிவிடும், மாடு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் போகும். தாய் தனியாகப் போன ராத்திரி அப்படித்தான் தெரியாமல் போய், மாடு முட்டிவிட்டது.

"தனியா ஏம்மா போனீங்க?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"நீங்கதான ஓடச் சொன்ன சாரு?" என்றார். முகத்தில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "எழுப்பத்தான் போனேன் சார். முன்னயெல்லாம் நான் கூப்புடுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு உக்காந்துருப்பா. அன்னைக்கு வாயில எச்சி ஒழுகத் தூங்கிட்டுக் கெடந்தா. அவ அப்படித் தூங்கி நான் பாத்து எம்புட்டு நாளாச்சு. எழுப்ப மனசு வரல."

மறுபடி ஜன்னல் ஓரம்

நான் சொன்னதில் எது தப்பு என்று இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஓடச் சொன்னது சரி. தூக்கம் வந்ததும் சரி. பிள்ளையின் மீது குற்றமில்லை, தாயின் மீது சொல்லவே வாய் வராது. எல்லாரும் சரியாக நடந்துகொண்டு ஓர் எலும்பு உடைந்திருக்கிறது. நள்ளிரவில் முழிப்பு வந்தால் எனக்கு மனசில் இதுதான் ஓடும். நானும் இப்போது சரியாகத் தூங்குவதில்லை.

மகேஸ்வரி பள்ளிக்குத் திரும்பி வந்தாள். அம்மா வீட்டில் படுக்கையில். ராத்திரியில் தகரம் தட்டச் சித்தி வருகிறார், லைட் இவள்தான். அதே ஜன்னல் ஓரம், அதே பேனா, அதே தூக்கம். கணக்கு டீச்சர் அவளை எழுப்புவதில்லை. அவள் பக்கம் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். ஒரு சாயங்காலம் மற்ற இரண்டு பெண்களும் கிரவுண்டில் ஓடிக்கொண்டிருக்க, இவள் கோல்கம்பத்தடியில் செருப்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரம் கெடக்கே, ரெண்டு சுத்துப் போயிட்டு வாம்மா" என்றேன்.

"வேணாம் சார்" என்றாள். "ஓடுனா தூங்கிருவேன்."

தூக்கம் வரவில்லை என்று வருகிற பிள்ளைகளை நான் இப்போதும் ஓடத்தான் சொல்கிறேன், அதற்கு முன் அவர்கள் தூங்கினால் அந்த வீட்டில் யார் முழித்திருக்க வேண்டும் என்று கேட்கவும் செய்கிறேன், ஆனால் அதற்கு வரும் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கழுத்தில் விசில் மட்டுமே உள்ளவனுக்கு இன்னும் தெரியவில்லை.