வரைபடத்தில் சத்யபிரியா

அறந்தாங்கியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இங்கே ஒரு வழக்கம். வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் கணவன், திரும்பும்போது தன் பழைய போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போவான். போனுக்குள் இருக்கும் ஈமெயில் கணக்கு அவன் பெயரிலேயே இருக்கும். மனைவிக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

சத்யபிரியாவிடம் இருந்ததும் அப்படிப்பட்ட போன்தான். பி.எஸ்ஸி. படித்தவர். வேலைக்குப் போகும் பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார் குவைத்திலிருக்கும் கணவர் சரவணக்குமார். தையல் வகுப்பு என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு, நான்கு மாதமாகப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி குரூப் ஃபோர் கோச்சிங் போய்வந்தார். ஹால் டிக்கெட்டைக்கூட வீட்டில் வைக்கப் பயந்து, என் கடையில் பிரிண்ட் எடுத்து இங்கேயே விட்டுவைத்தார்.

ஒருநாள் போனை நீட்டினார்.

"தெனம் புதுக்கோட்டையில யாரப் பாக்கப் போறேன்னு கேக்குறாருண்ணே. நான் போற எடமெல்லாம் அவரு போன்ல மேப்புல தெரியுதாம். பரிச்ச முடியிற வரைக்கும் இது என்னயக் காட்டிக் குடுக்காம இருந்தாப் போதும்."

பெரிய கம்பெனிகள் நம்மை வேவு பார்க்கின்றன என்று பத்து வருஷமாகத் தொண்டை வறளப் பேசுகிறேன். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத கட்டற்ற மென்பொருள் என்று வாயெடுத்தாலே என் மனைவி பிரகதாம்பாள் எழுந்து போய்விடுவாள். முதல்முறையாக ஒருவர் கேட்டு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனி மென்பொருளை அடியோடு துடைத்துவிட்டு, யாருக்கும் உளவு சொல்லாத கட்டற்ற மென்பொருளை ஏற்றினேன்.

"இனிமே ஒங்கள ஒரு பயலும் பாக்க முடியாது," என்று பெருமையடித்துக்கொண்டேன்.

குவைத்தில் வரைபடத்திலிருந்து புள்ளி காணாமல் போனது. புள்ளி இருந்தவரை கணவருக்குச் சந்தேகம்தான். மறைந்ததும் முடிவே கட்டிவிட்டார். இது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.

மறுநாள் மாமனார் செல்லமுத்து வந்து போனை மேசையில் வைத்தார்.

"பழையபடி ஆக்கிக் குடுங்க தம்பி. தப்புப் பண்ணாதவ எதுக்கு மறைக்கணும்?"

"அந்தப் புள்ள படிக்கத்தாங்க போச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹால் டிக்கெட் இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினால் இன்னும் கெடும் என்று பட்டது. துடைத்ததையெல்லாம் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். என் மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

தேர்வு மையம் என் கடைக்கு எதிரே இருக்கும் பள்ளி. சத்யபிரியாவின் வீடு பத்து நிமிஷ நடை. அன்று காலை ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றேன். ஒன்பது மணிக்கு கேட்டைச் சாத்தினார்கள். குவைத்தில் சரவணக்குமார் போனைப் பார்த்திருப்பார். புள்ளி வீட்டில்தான் இருந்திருக்கும்.