பரமு அண்ணைக்குப் படைத்த ராமென்

பரமு அண்ணை மறைந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஒரு விளக்கின் படம், கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். சுவிட்சர்லாந்தில், இன்டர்லாக்கனில் ஒரே ஹோட்டல் சமையலறையில் அவரோடு உழைத்தவன், ஓய்வுபெற்ற பின் ஓல்டன் நகரில் கிழமைதோறும் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவன் நான். யாராவது தொலைபேசி எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதை நான் மறக்கப்போவதில்லை.

பக்கத்து ஊரான திரிம்பாக்கின் கோயிலில் அவரைக் கண்டவர்களுக்கு அவர் அதிகம் பேசாத மனிதர். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஜப்பானிய நூடில்ஸ் விற்கும் ராமென் கடை திறந்தபோது, கண்ணாடியில் மூக்கு முட்ட நின்ற பரமு அண்ணையை அவர்கள் காணவில்லை.

"உள்ள என்னத்தையடா காய்ச்சுறாங்கள்? போய்ப் பாப்பமோ?"

"உது எங்களுக்குச் சரிவராது, அண்ணை."

"அப்ப நீ வெளியில நிண்டு சரிவராமல் இரு. நான் சாப்பிட்டிட்டு வந்து சொல்லுறன்."

குளிராக இருந்ததால்தான் நானும் உள்ளே போனேன். கடைக்காரப் பெண் பெரிய கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தாள். சாறு பால்போல வெளுத்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் நூடில்ஸைச் சத்தமாக உறிஞ்சினார்கள். அண்ணை அவர்களை உற்றுப் பார்த்தார். பிறகு அவர்களைவிடச் சத்தமாக உறிஞ்சினார். நான் மிளகாய்த்தூள் கேட்டதும் என் கையைப் பிடித்தார்: "முதல் அவள் காய்ச்சினது என்ன ருசியெண்டு தெரியவேணும். பிறகு உன்ர தூளைக் கொட்டு."

கடைக்காரப் பெண்ணை அவர் ஒருநாளும் சும்மா விட்டதில்லை. என்ன எலும்பு, எப்போது அடுப்பில் வைத்தது, ஏன் வெளுத்தது? அவருடைய ஜெர்மன் முழுவதும் பிழை. எந்த வகுப்புக்கும் போகாமல், பத்திரிகை வாசித்து ஜெர்மன் படித்தவன் நான், அங்கேயே திருத்துவேன். "நீ பிழையைப் பிடி. எனக்குப் பதில் கிடைச்சிட்டுது," என்பார். பன்றி எலும்பு, நேற்றிலிருந்து அடுப்பில்: அதுதான் அந்தப் பதில்.

இறந்த எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவுக்கு முதல்நாள் அவர் வீட்டில் படையலைப் பற்றிக் கதைத்தார்கள். இறந்தவர் விரும்பியதைப் படத்துக்கு முன்னால் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே இருப்பதல்லவா நம் வழக்கம்? ஒடியல் கூழ், மீன் குழம்பு, வடை என்றார்கள். ராமெனும் வேண்டும் என்றேன். அதில் என்ன இருக்கும் என்று கேட்டார்கள். சொன்னேன்.

"பன்றியோ? செத்த மனுசனை ஏன் நாறடிக்கிறாய்?" என்றார் அவருடைய மைத்துனர்.

"எட்டுக்கு அவர் விரும்பினதைத்தான் படைக்கவேணும். நீங்கள் விரும்புறதை உங்கட எட்டுக்குப் படைக்கச் சொல்லுங்கோ."

அண்ணைக்குப் பிடித்தது இன்னதென்று அவர் இல்லாத இடத்தில் மற்றவர்கள் முடிவுசெய்வதை நான் விடுவதாக இல்லை. அவருடைய மனைவி தங்கம் அக்கா தலை நிமிர்ந்தார்.

"அது உறைப்போ, தம்பி?"

"இல்லை அக்கா. துளியும் உறைப்பில்லை."

"உறைப்பில்லாமல் இந்த மனுசன் சாப்பிட்டதோ?" பன்றியைவிட அதுதான் அவரைத் திகைக்க வைத்தது. "கொண்டுவாங்கோ. என்னெண்டு பாப்பம்."

மறுநாள் கடையிலிருந்து சாறும் நூடில்ஸும் வேறுவேறாகக் கொண்டுபோனேன். அக்காவே நூடில்ஸை அவித்து, கிண்ணம் நிறையச் சாறு ஊற்றி, பாதி முட்டையும் இறைச்சித் துண்டும் வைத்துப் படைத்தார். கதவைச் சாத்தினோம். நெடுநேரம் கழித்துத் திறந்தபோது கிண்ணத்தில் சாறே இல்லை.

"பாத்தியளோ! மனுசன் வந்து குடிச்சிட்டுது!" முதல்நாள் மறித்த மைத்துனரே கண் கலங்கிக் கைகூப்பினார்.

ஆறவிட்டால் நூடில்ஸ் சாற்றைக் குடித்து ஊதிவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டுப் பழக்கமில்லை எனக்கு. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"அப்ப முட்டையை ஏன் விட்டவர்?"

"டொக்டர் முட்டை சாப்பிடக்கூடாதெண்டவர், தம்பி," என்றார் அக்கா, யோசிக்காமலே.

அந்த வீட்டில் அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. மைத்துனரும் சிரித்தார். அக்கா கரண்டியால் ஒரு வாய் அள்ளினார். இரண்டாவது வாயும் அள்ளினார். என்ன ருசியென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் பிடிவாதங்கள் என்னோடு இருக்கட்டும், அவை நானே தேடியவை. பரமு அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அவரே கேட்டிருக்கக்கூடிய அந்த முட்டைக் கேள்வி ஒன்றைத்தான். திருத்தப் போன வாயில் அது எப்படி வந்ததென்று எனக்கே தெரியவில்லை.