இணைப்பில் குறையில்லை

ஞாயிறு மதியம் ஆனால் எதிர்வீட்டுக்காரர் தெருவில் நின்று குரல் கொடுப்பார். "சார், வாங்க! பேரன் வந்துட்டான்!"

பேரன் வந்திருப்பது அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் திரைக்கு, பாரிஸிலிருந்து.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. நான் இங்கே அரசாங்கக் கோப்புகளில் தலை நரைத்து ஓய்வு பெற்றவன். இங்கத்துக் காகிதமோ பிரெஞ்சுக் காகிதமோ, எந்த அலுவலகத்தில் எந்த மேசை, எந்தக் கையெழுத்துக்குப் பின் எந்த முத்திரை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவருக்கு பிராட்பேண்ட் இணைப்பு வாங்கிக் கொடுத்ததே நான்தான். வாங்கிக் கொடுத்தவன் பக்கத்தில் உட்கார்ந்து அதையும் பார்த்துத் தொலைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனாலும் போவேன்.

என் மனைவியும் அப்போது பிரான்சில்தான் இருந்தாள். மகளின் பிரசவத்துக்காக மூன்று மாத விசாவில் போயிருந்தாள். மகள் புதிதாகக் குடியேறிய சிற்றூர் வீட்டுக்கு இணையம் இன்னும் வரவில்லை. வாரம் ஒரு தடவை, டெலிபோன் கார்டு தீரும்வரை மனைவி பேசுவாள்.

"என்னங்க, இங்க மீனுக்குத் தலையே கெடையாது. வெட்டி எங்க போடறாங்கன்னே தெரியல."

"யாரையாவது கேளேன்."

"யாரண்ட கேக்கறது? பக்கத்து வூட்டு மதாம் போன்ழூர்னு ஒரு வணக்கம் சொல்லிட்டு கதவ சாத்திக்குது. நான் எப்பங்க ஊருக்கு வரது?"

சொல்தா வீட்டில் பேச்சு வேறு மாதிரி. "தெரியுதா? கேக்குதா? கொஞ்சம் இந்தாண்ட நவுரு." அரை மணி நேரமும் இதுதான். மீன் தலை போன்ற விஷயம் எதுவும் அங்கே பேசப்படவில்லை. ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. அவர் பேரனுக்குப் பல் முளைத்ததை நான் பார்த்துவிட்டேன். என் பேத்தி யார் சாயல் என்று எனக்குத் தெரியாது.

"உங்க பொண்ணு வூட்ல இன்னும் கனெக்‌ஷன் வரலியா? பாவம் சார் நீங்க."

அந்தப் 'பாவம்'தான் பொறுக்கவில்லை. அன்று மாலையே இணைப்புத் தர வேண்டிய நிறுவனத்துக்கு, மகள் எழுதுவது போலப் பிரெஞ்சில் ஒரு கடிதம் தயாரித்தேன். தாமதத்தைக் கண்டித்து, அடுத்த புகார் யாருக்குப் போகும் என்பதையும் மிகுந்த பணிவோடு தெரிவித்திருந்தேன். கையெழுத்திட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பும்படி மகளுக்குத் தனிக் குறிப்பு.

மூன்றே வாரத்தில் இணைப்பு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு சொல்தாவின் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். திரையில் என் மனைவி, கத்திரிப்பூ நிற ஸ்வெட்டரில், கன்னம் பூரித்து. மடியில் பேத்தி. என் மனைவியின் சாயலேதான். பின்னால் ஒரு வெள்ளைக்காரி எனக்குக் கையாட்டினாள். கதவைச் சாத்திக்கொள்ளும் மதாமாம்.

"எளச்சிட்டீங்களே!"

"அதை விடு. நீ வர்ற அன்னிக்கு ஏர்போர்ட்டுக்குக் கார் சொல்லிட்டேன்."

"அதாங்க கேக்கணும்னு இருந்தேன். இன்னும் மூணு மாசம் இருந்துட்டு வரட்டா? இதான் வந்துடிச்சே, தெனம் மூஞ்சியப் பாத்துக்கலாம்."

தலையில்லாத மீனையும் என்னையும் நினைத்துத் தவித்துக்கொண்டிருந்தவளுக்கு, என் முகத்தை நானே பதிவுத் தபாலில் அனுப்பி வைத்திருக்கிறேன்.

"விசாவை நீட்டிக்க வழியில்லை" என்றேன்.

"இன்னா சார் இப்டி சொல்றீங்க?" என்றார் பின்னாலிருந்த சொல்தா. "எம் மச்சினிக்குப் போன வருஷம் நீங்கதான வழி சொன்னீங்க!"

"அத வெச்சித்தாங்க நானும் கேட்டேன்" என்றாள் மனைவி.

சொன்னேன். எந்த அலுவலகம், என்ன காரணம், டாக்டர் சான்றில் என்ன இருக்க வேண்டும், எல்லாம் வரிசை பிசகாமல். அவள் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். தப்பே இல்லை. அதற்குள் பேத்தி அழ, "தோ வரேன்" என்று தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மதாமும் பின்னாலேயே போனாள். திரையில் நாற்காலி மட்டும் இருந்தது.

"கட் பண்ணிடட்டா சார்?"

"இருக்கட்டும்."

அழுகை அடங்கியது. உள்ளே இரண்டு பெண்கள் சிரிப்பது கேட்டது. தெளிவாகவே கேட்டது. இணைப்பில் ஒரு குறையும் இல்லை.