தெரிந்த ஆள் கொடுத்த ஊசி

எங்கள் கஞ்சிக்கோட்டில் எதையும் நேராகக் கடையில் போய் வாங்குவது கௌரவக் குறைச்சல். தெரிந்த ஆள் மூலம்தான் வாங்க வேண்டும். என் கொழுந்தனாருக்கு வாளையார் வரைக்கும் தெரியாத ஆளே கிடையாது. அவருக்கு அதுதான் உத்தியோகம்.

கணவருக்கு ஆப்பிரிக்காவில் வேலை. நானும் பதினான்கு மாத மகளும் அங்கே போவதாக இருந்தோம். மூளைக்காய்ச்சல் பரவும் நாடு, தடுப்பூசி போட்டாக வேண்டும்.

"குழந்தை டாக்டரெல்லாம் எதுக்குங்க அண்ணி? நம்ம ஆளு ஒருத்தரு இருக்காருங்க" என்று கொழுந்தனார் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினார். தெரிந்த கிளினிக்கில் இருவருக்கும் ஒரே மருந்தைப் போட்டார்கள். சான்றிதழும் கையோடு வந்தது, ஒன்றுக்கு இரண்டு சீல்.

மறுவாரம் மகளுக்குச் சளி. பாலக்காட்டு டாக்டரிடம் போனபோது அந்த மருந்தின் அட்டைப்பெட்டியைப் பெருமையாக நீட்டினேன், என் புத்தியை என்ன சொல்ல! அவர் படித்துப் பார்த்து, "அம்மைக்கு மதி, குட்டிக்குப் போரா" என்றார். எனக்குப் போதுமாம், குழந்தைக்குப் போதாதாம்.

அவர் விளக்கியது இது: மூளைக்காய்ச்சல் கிருமி சர்க்கரையால் ஆன ஓர் உறையைப் போர்த்திக்கொண்டு திரிகிறது. நாங்கள் போட்டுக்கொண்டது அந்தச் சர்க்கரையை மட்டும் வைத்துச் செய்த பழைய மருந்து. பெரியவர்கள் உடம்பு அதைக் கண்டுகொள்ளும். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் உடம்பு வெறும் சர்க்கரையை ஏறெடுத்தும் பார்க்காது. அதையே ஒரு புரதத்தோடு கோத்துக் கொடுத்தால் விழித்துக்கொள்ளும், நினைவிலும் வைத்துக்கொள்ளும். அந்தப் புரதம், குழந்தை ஏற்கெனவே ஊசியில் சந்தித்த தொண்டை அடைப்பான் கிருமியுடையது. சுத்தக் கஞ்சிக்கோட்டு உடம்பு! தெரிந்த ஆள் கூட வந்தால்தான் மதிக்கும். ஊரெல்லாம் ஆள் தெரிந்தவர் அந்த ஒரு ஆளை மட்டும் கூட்டிவரவில்லை.

புது ஊசி இரண்டு தவணை, நடுவில் மூன்று மாதம். பயணத்தைத் தள்ளிவைத்தேன்.

"சர்ட்டிபிகேட்டுதான் இருக்குதுங்களே அண்ணி, ஏர்ப்போர்ட்டுல யாரு கேக்கப் போறாங்க?"

"கிருமிக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

அன்றைக்கே கணவரிடமிருந்து போன் வந்தது. மகளைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். "தம்பி எவ்வளவு அலைஞ்சிருக்கான். அவன் மனசு நோகாதா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டேன்.

புது ஊசி போட்ட அன்று மகள் வீறிட்டு அழுதாள். கணவரைக் கூப்பிட்டு, போனை அவள் வாயருகே பிடித்தேன்.

"இப்ப சொல்லுங்க, யாருக்கு நோகுது?"