சைக்காலஜிக்குப் பூக் கேட்ட அப்பா

1994-ஆம் வருடம், மே மாதக் கடைசி. வெள்ளகோவில் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்து வீட்டில், கோயமுத்தூர் போய் சைக்காலஜி படிக்கப் போகிறேன் என்று அறிவித்தேன். கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும்.

சொன்ன அன்றே சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். பைத்தியத்தோடு பழகினால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றார் பெரியம்மா. பி.காம். படித்தால் மில்லில் கணக்காவது பார்க்கலாம் என்றார் மாமா. நான் அசரவில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மில் என்று மனிதர்கள் இருக்கும் இடத்தில் எல்லாம் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு என்று ஒவ்வொருவரிடமும் அடித்துப் பேசினேன். பி.எஸ்சி., பிறகு எம்.எஸ்சி., அப்புறம் ஒரு பள்ளியில் ஆலோசகர் வேலை என்று திட்டமும் தயார். அப்படி ஒரு வேலையே அப்போது எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கிடையாது என்பது வேறு விஷயம்.

அப்பா மட்டும் என்னோடு வாதாடவில்லை. தனக்கு இஷ்டமில்லை, இருந்தாலும் பூக் கேட்டுப் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்.

கிணறு வெட்டுவதோ வரன் முடிப்பதோ, எதற்கும் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்பதுதான் எங்கள் வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். அக்காவுக்கு வந்த நல்ல வரனுக்குச் சிவப்பு வந்தபோது மறுபேச்சில்லாமல் எழுந்து வந்தவர் என் அப்பா.

என் படிப்புக்குப் பூக் கேட்ட அன்று பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு.

அழக்கூடாது என்று அப்பா பக்கம் திரும்பினேன். அவர் நினைத்ததுதானே நடந்திருக்கிறது, நிம்மதியாக எழுந்திருக்க வேண்டும். ஆனால் அவர் எழவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூசாரியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, பொட்டணத்தை நல்லாக் குலுக்கித்தான் போட்டீங்களா? எதுக்கும் இன்னொருக்காப் போடுங்க."

பூசாரி திகைத்துப்போனார். எனக்கோ எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது.

"வேண்டாமுங்கப்பா. செவப்பு வந்ததும் உங்க மொகம் வாடிப்போச்சு. உங்க மனசு தெரிஞ்சுபோச்சு, எனக்கு அது போதுமுங்க" என்றேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ போய்ச் சேந்துக்க கண்ணு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

என்னை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே என்ன பேசினாரோ, கடைசிவரை சொல்லவில்லை. திங்கட்கிழமை அவரே கூட வந்து கல்லூரியில் சேர்த்துவிட்டார்.

திட்டம் போட்டபடியே ஒரு பள்ளியில் ஆலோசகரானேன். பிள்ளையின் ஆசைக்கு முடியவே முடியாது என்று பெற்றோர் என் முன்னால் உட்கார்ந்து சொல்லும்போது நான் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. சொல்லி முடித்த பிறகு அவர்கள் முகம் எப்படி ஆகிறது என்று பார்க்கிறேன். சாமி சொல்லைத் தட்டாத என் அப்பா எனக்காக ஒரே ஒரு தடவை தட்டினார் என்று நினைத்தால் இன்றும் கண் கலங்கிவிடும். அப்புறம் எனக்கு எதற்கும் பயம் வருவதில்லை.