வச்சிடட்டுமா?

இரண்டு லேப்டாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீடியோ கால் டெஸ்ட் செய்தால் 'கீ...' என்று ஒரு சத்தம் காதைத் துளைக்கும். பெங்களூர் பொம்மசந்திராவில் என் முதல் ஆபீஸ் என்றாலே எனக்கு அந்தச் சத்தம்தான்.

ஐசியுவில் இருப்பவர்களோடு வீட்டார் பேசுவதற்கு, ஒரு ஆஸ்பத்திரியின் ஆப்புக்குள் வீடியோ கால் வசதி செய்துகொண்டிருந்தோம். எல்லாம் கன்ட்ரோல். நர்ஸ் அனுமதித்தால்தான் கால் சேரும். நோயாளி விடைபெற்றதும் நர்ஸ் ஒரு பட்டனை அழுத்துவார், அந்த நொடியே கட். மறுபடி பேச மறுநாள்தான்.

டெஸ்டிங்கில் இருந்த பிலோமினா, கன்டோன்மென்ட் பக்கத்துப் பெண், அன்றே சொன்னாள்.

"ஐயோ, நம்ம ஆளுங்க 'வச்சிடட்டுமா'ன்னு கேட்டப்புறம்தானே பேசவே ஆரம்பிப்பாங்க! எங்க மம்மிய வந்து பாரு. கொஞ்சம் டைம் விட்டு கட் பண்ணலாமே..."

என் அப்பாவும் அப்படித்தான். "வச்சிடட்டுமா?" என்பார். அப்புறம்தான் "ஆங்... சொல்ல மறந்துட்டேன்" என்று விஷயமே வரும். என் கல்யாணப் பேச்சைக்கூட அப்படித்தான் எடுத்தார். நானும் மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தேன்.

கன்னடக்காரர், சிரித்தார். "அதெல்லாம் சும்னே எமோஷன்மா. பை சொன்னா கால் முடியணும். ஸ்ட்ரக்சர்னா ஸ்ட்ரக்சர்."

பெரிய ஸ்ட்ரக்சர்...

அடுத்த வருஷம் அதே ஐசியுவில் அப்பா.

அத்திபெலே வீட்டில் அம்மாவும் நானும் ஒரே போனில் முகத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூச்சு வாங்க வாங்கப் பேசினார். சாப்பிட்டீங்களா, மோட்டார ஆஃப் பண்ணீங்களா... கடைசியில், "சரிம்மா, வச்சிடட்டுமா?" என்றார்.

"இருங்கப்பா!" என்று நான் கத்துவதற்குள் திரை வெள்ளையாகிவிட்டது. 'அழைப்பு நிறைவுற்றது. நன்றி.'

அந்த நர்ஸைச் சொல்லிக் குற்றமில்லை. பழக்கிக் கொடுத்தபடி அழுத்தினாள். மறுநாள் கூப்பிட அப்பா இல்லை.

"என்னமோ சொல்ல வந்தாருடி" என்று அம்மா எத்தனையோ நாள் புலம்பினாள்.

இப்போது பாங்க், டாக்டர், ஸ்கூல் எல்லா ஆப்பிலும் வீடியோ கால். எல்லாம் கச்சிதமாக முடிகிறது. எப்படி முடிப்பது என்று அந்த மேனேஜர் மேடையேறிப் பேசுகிறார். கைதட்டுகிறார்கள்.

நான் இன்று வேலை முடிந்து அம்மாவைக் கூப்பிட்டேன். சாதாரண போன்தான், யாரும் கட் பண்ணப் போவதில்லை. ஆனால் அம்மா இப்போதெல்லாம் "வச்சிடட்டுமா" என்று கேட்பதே இல்லை. பேச்சு தீர்ந்ததும் போனை அப்படியே கட்டில்மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்...

நான்தான் கட் பண்ண வேண்டியிருக்கிறது.