தொப்பியம்மாவும் தலைவரின் கொஞ்சலும்

மொழியியல் துறையில் அவளுக்குத் தொப்பியம்மா என்றுதான் பெயர். கைக்குழந்தைகளின் தலையில் கம்பிகள் கோத்த தொப்பியை மாட்டி, வாயில் பேச்சு வருமுன்பே மூளை எழுத்தொலிகளை எப்படிப் பிரித்துக் கேட்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. தொப்பியைப் பிடுங்கி எறியாத குழந்தை கிடைத்தால் அன்றைக்கு அவளுக்கு யோகம்.

ஆராய்ச்சியில் புலிதான். ஆனால் வேலை மட்டும் நிலைக்கவே மாட்டேன் என்றது. பன்னிரண்டு வருஷத்தில் ஐந்து பல்கலைக்கழகம்! ஒப்பந்தம் முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று, அட்டைப்பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் மடித்தே வைத்திருந்தார் கணவர். இப்போது ஒரு நிரந்தரப் பதவி காலியாகியிருந்தது. இதுவும் கை நழுவினால் ஆராய்ச்சிக்கே முழுக்குப் போடுவது என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

தேர்வுக்குழுத் தலைவர் பெரிய பேராசிரியர். "கேள்வி கேக்கறதெல்லாம் அப்புறம். நீங்க வேலை செய்யறத பக்கத்துல நின்னு பாக்கணும்" என்று சோதனை அறைக்குள்ளேயே வந்துவிட்டார்.

ஒலிபெருக்கி 'ப, ப, ப' என்று சொல்லிக்கொண்டே போகும்; நடுவில் திடீரென்று ஒரு 'ட' வரும். குழந்தைக்கு வித்தியாசம் உறைத்தால் திரையில் கோடு துள்ளும். அறையில் இருப்பவர்கள் வாயே திறக்கக் கூடாது. அதை அவரிடம் இரண்டு முறை சொல்லியும் வைத்தாள்.

அம்மா மடியில் இருந்த குழந்தை தலைவரைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்ததா, மனுஷர் உருகிப் போய்விட்டார்.

"அடி என் தங்கக்கட்டி! தாத்தாவப் பாரும்மா!"

கோடு எகிறிக் குதித்தது. "பாத்தீங்களா, என்ன துள்ளல்! பிரமாதம்!" என்றார் தலைவர்.

பேசாமல் பல்லைக் காட்டிவிட்டு நின்றிருக்கலாம். எங்கே! பன்னிரண்டு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"சார், அது உங்களப் பாத்துத் துள்ளினது. என் 'ட'வுக்கு இல்ல. இந்தப் பதிவு செல்லாது. கொஞ்சம் வெளிய போறீங்களா?"

அதோடாவது விட்டாளா? சோதனையைக் கெடுத்தவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது அவள் வைத்த முறை. 'பெரியவர் ஒருவர் கொஞ்சிவிட்டார்' என்று காரணம் எழுதி, நோட்டை அவரிடமே நீட்டினாள். அவர் முகம் சிவக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறினார். கதவு சாத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. போச்சு, எல்லாம் போச்சு!

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது போன் வந்தது. தலைவர்தான்.

"என்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கினீங்க இல்ல? நாளைக்கு நீங்க வந்து ஒண்ணு போடணும். நியமன உத்தரவுல."

கலங்கியிருந்த அவள் முகத்தைப் பார்த்த கணவர், இதுவும் போச்சு என்று முடிவு கட்டிவிட்டார். குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து பெட்டிகளை இழுத்தார்.

"சரி விடு. அடுத்தது எந்த ஊரு?"

"ஏங்க," என்றாள். "அத எல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடுங்க."